நாலு டயர் காற்று

முதலாளி தையல் மெஷின்களை லாரியில் ஏற்றி வேறு ஊருக்குக் கடத்தப் பார்க்கிறார் என்று தெரிந்ததும், அறுபது பெண்கள் கம்பெனி வாசலை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள். மெஷின் போனால் வேலையும் போச்சு. தலைமை, துணி வெட்டுகிற அக்கா. நூலிழை பிசகினாலும் பொறுக்காதவள், பேச்சிலும் அப்படித்தான். இன்ஸ்பெக்டரிடம், "நாங்க எதையும் தொட மாட்டோம் சார். தப்பு நடந்தா யாருன்னு நானே சொல்றேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தாள். கேட்காமலே கொடுத்த வாக்கு அது.

அவள் கூடப்பிறந்த தங்கை அங்கேயே பொத்தானுக்குக் காஜா போடுகிற மெஷின் ஓட்டுகிறவள். "உக்காந்தே இருந்தா லாரிக்காரன் பயந்துருவானா? டயர்ல காத்த இறக்கிடலாம்க்கா."

"அதுவும் அடிதடிதான்."

"குத்தினாத்தான் அடிதடி. இறக்கினா வெறும் காத்து. காத்து அவன் அப்பன் வீட்டுச் சொத்தா?"

குத்துவதும் இறக்குவதும் ஒன்றா வேறா என்று இரண்டு நாள் வாய் வலிக்கப் பேசினார்கள். கைதூக்கிப் பார்த்ததில் அக்கா பக்கம் நாலு பேர் கூடுதல். தங்கை மறுபேச்சுப் பேசவில்லை. அதிலேயே அக்கா சுதாரித்திருக்க வேண்டும்.

மறுநாள் அவர்கள் வைத்த வக்கீல் தடை உத்தரவு வாங்க கோர்ட்டுக்குப் போனார். உத்தரவு கைக்கு வர சாயங்காலம் ஆகிவிடும்; அதுவரை லாரி நகரக் கூடாது. மதியமே போலீஸ் வந்து ஒவ்வொருத்தியாகக் குண்டுக்கட்டாகத் தூக்கி ஓரம் போட்டது. வழி விட்டாச்சு. டிரைவர் ஏறப் போனால், பின் டயர் நாலும் சப்பை. மெக்கானிக் வருவதற்குள் உத்தரவு வந்துவிட்டது.

"பாத்தீங்களா, பொறுமை ஜெயிச்சிருச்சு!" என்று பெண்கள் அக்காவைக் கட்டிக்கொண்டார்கள். வெட்கமாக இருந்தாலும் அவளும் சிரித்துவைத்தாள்.

இன்ஸ்பெக்டர் வந்தார். "யாரும்மா அது? சொல்றேன்னு சொன்னீங்களே."

தங்கையின் விரலெல்லாம் டயர்க் கரி. மெஷின் ஊசி மாற்றுகிற குட்டி ஸ்க்ரூடிரைவர் இன்னும் கையில் இருந்தது. தெரியாது சார் என்றால் முடிந்தது. அறுபது பேரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். அந்த வார்த்தை அக்காவுக்கு வாயில் வரவே இல்லை.

"என் தங்கச்சிதான் சார்."

இன்ஸ்பெக்டருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. தங்கை தானாகவே போய் வேனில் ஏறினாள். அக்கா பின்னாலேயே ஓடி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மாகிட்ட நீயே போய்ச் சொல்லிடுக்கா" என்றாள் தங்கை. "உனக்குத்தான் பொய் வராதே."