சாந்த் பாஷா அடைத்த ஜன்னல்

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூக்கண்டப்பள்ளி வீட்டில் இருந்தவர்கள் இவர்கள்தான்: பேக்கரி முதலாளி சாந்த் பாஷா, அவர் மனைவி ரோஷன் பீ, மகன் லால் பாஷா, மருமகள் வஜிஹா, காவேரிப்பட்டினத்திலிருந்து வந்திருந்த வஜிஹாவின் தகப்பனார் ஜமீர் அகமது, தாயார் தில்ஷாத். சந்துக்கு அந்தப் பக்கம் தன் சமையலறையில் நின்றிருந்த பேச்சியம்மாளையும் சேர்த்துக்கொள்ளலாம். வேறு ஒருவரும் இல்லை. பிற்பாடு வாய் வலிக்கப் பேசியவர்களில் ஒருவர்கூட அங்கே இல்லை.

விருந்து புது அடுப்புக்காக. அப்படித்தான் சாந்த் பாஷா சொல்லி அனுப்பியிருந்தார். ஆனால் சம்பந்தி வீட்டார் எதற்கு வருகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். வஜிஹாவுக்குக் கல்யாணமான மறுவருஷமே இருமல் பிடித்துக்கொண்டது. அடுப்படியில் நின்றால் இருமல், வெளியே வந்தால் கொஞ்சம் அடங்கும். "இந்தத் தடவையும் எம்பொண்ணு இருமுனா, கையோட கூட்டிக்கிட்டு வந்துருவேன்" என்று தில்ஷாத் சொன்ன பேச்சு பஸ் ஏறி முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. வீட்டுப் புகை தாங்காமல் மருமகள் பெட்டியோடு போனாள் என்றால், பள்ளிவாசலில் முதல் வரிசையில் நிற்கிற மனிதர் அப்புறம் எந்த வரிசையில் நிற்பது?

புகைக்குக் காரணம் அவரே கட்டிய சுவர். தொழிற்பேட்டை வந்தபின் சந்துக்கு எதிரே கம்பெனி ஆட்களுக்கு லைன் வீடுகள் எழும்பின. அதில் ஒரு வீட்டு ஜன்னல், இந்த வீட்டு அடுப்படி ஜன்னலுக்கு நேர் எதிரே வந்து நின்றது. எதிர்வீட்டில் ஆள் குடியேறுமுன்பே சாந்த் பாஷா தன் ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார். தன் வீட்டுப் பெண்கள் அந்நியர் கண்ணில் பட்டவர்கள் அல்ல. அடைத்ததில் அவருக்குத் துளியும் வருத்தமில்லை.

அதனால்தான் புகையில்லா அடுப்பு. இரண்டு வாய் வைத்த மண் அடுப்பு, கூரையைத் துளைத்துக்கொண்டு மேலே போகும் குழாய். கொத்தனார் வேலை செய்த நாளில் சாந்த் பாஷா பேக்கரிக்கே போகவில்லை. இரண்டு கதவும் திறந்து கிடக்க, அடுப்பைப் பற்றவைத்துப் பார்த்தபோது குழாய் வழியே புகை நூல் பிடித்தாற்போல மேலே போனது. அவர் ஏணியில் ஏறி நின்று, "போவுது! போவுது!" என்று கத்தியதை ரோஷன் பீ இன்னும் சொல்லிச் சிரிப்பாள்.

விருந்தன்று பெண்கள் உள்ளே பிரியாணிக்கு உலை வைத்தார்கள். கூடத்தில் சம்பந்தி இருப்பதால் அடுப்படிக் கதவைச் சாத்தினார்கள். பின்கதவு சந்துப் பக்கம் திறப்பது, அதையும் தாழிட்டார்கள். சாந்த் பாஷா ஜமீர் அகமதுவைக் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப்போனார்.

"மேல பாருங்க சம்பந்தி!"

ஜமீர் அகமது கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். "என்னாங்க சம்பந்தி, புகையையே காணோம்? அடுப்பு பத்த வெச்சாங்களா?"

"அதாங்க புகையில்லா அடுப்பு!"

சொல்லி வாய் மூடவில்லை. உள்ளேயிருந்து இருமல் கேட்டது. முதலில் ஒரு குரல், பிறகு மூன்று குரலும் சேர்ந்து. அடுப்படிக் கதவிடுக்கில் புகை கூடத்துக்குள் ஊர்ந்து வந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு தில்ஷாத் வந்தாள்; கண்ணிரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தன.

"வஜி, பொட்டிய எடு!"

"கொஞ்சம் பொறுங்கம்மா!" என்று சாந்த் பாஷா உள்ளே பாய்ந்தார். அடுப்பின் வாயிலிருந்தே புகை குபுகுபுவென்று திரும்பி வந்துகொண்டிருந்தது. "குழாய் அடைச்சிருக்கும்! லாலு, மேல ஏறுடா!"

லால் பாஷா கூரைமேல் ஓடி மூங்கிலை விட்டுக் குடைந்தான். "ஒண்ணுமில்லத்தா, சுத்தமா இருக்குது!"

ரோஷன் பீ முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, புருஷனைப் பார்த்தாள். "பேக்கரியில தெனமும் அந்தப் பையனுங்கள என்னா சொல்லித் திட்டுவீங்க? தெரு முழுக்கக் கேக்குமே!"

சாந்த் பாஷா அப்படியே நின்றார். பேக்கரியில் சூளைக்குத் தீ மூட்டும்போதெல்லாம் அவர் போடும் சத்தம் அது: 'சூளை வாய மூடாதடா! காத்து உள்ள வந்தாத்தான் புகை வெளிய போகும்!' இங்கே, தன் வீட்டில், நாலு பக்கமும் காற்றை அடைத்துவிட்டு, குழாயை மட்டும் வானம் பார்க்க வைத்திருந்தார்.

ரோஷன் பீ பின்கதவின் தாழை நீக்கி ஒரு சாண் திறந்தாள். புகை தயங்கியது, திரும்பியது, குழாய்க்குள் சர்ரென்று ஏறியது.

"ஓ, இதானா சேதி!" என்றாள் தில்ஷாத். "அப்ப எம்பொண்ணு தெருவுக்குக் கதவத் தொறந்து போட்டுச் சமைக்கணுமா? இல்ல மூடிக்கிட்டு இருமணுமா? எது உங்க வீட்டு மரியாதைங்க?"

வாசற்படியில் நின்ற ஜமீர் அகமது தரையைப் பார்த்தார். கையில் பெட்டியோடு வஜிஹா நின்றாள்.

சாந்த் பாஷா விறுவிறுவென்று வெளியே போனார். கொல்லையிலிருந்து கடப்பாரையை எடுத்து வந்தார். வெள்ளைச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. அடைத்த ஜன்னலில் ஓங்கி ஒரு குத்து. காரை உதிர்ந்தது. இன்னொன்று. ஒரு செங்கல் பெயர்ந்து சந்தில் விழ, ஓட்டை வழியே வெயில் ஈட்டி மாதிரி உள்ளே பாய்ந்தது. லால் பாஷா கூரையிலிருந்து குதித்து ஓடிவந்தான்.

"குடுங்கத்தா, நான் இடிக்கிறேன்."

"தள்ளி நில்லுடா. நான் கட்டுனது."

செங்கற்கள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. காற்று உள்ளே புகுந்த வேகத்தில் அடுப்பு கர்ஜித்தது. விறகு திகுதிகுவென்று பிடித்துக்கொண்டது. புகை அத்தனையும் குழாயைத் தேடி ஓடியது. வஜிஹா நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள், இருமல் வரவில்லை. மறுபடியும் இழுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டாள்.

எதிர் ஜன்னலில் பேச்சியம்மாளின் முகம் தோன்றியது. அவள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி.

"என்ன பாய், எங்க வீட்டுக்கே வழி வெட்டுதியளா?"

ரோஷன் பீ சட்டென்று முக்காட்டை இழுத்துக்கொண்டு ஒதுங்கினாள். சாந்த் பாஷாவின் கடப்பாரை அந்தரத்தில் நின்றது. இத்தனை வருஷம் எதற்காக அடைத்தாரோ அது இதோ எதிரே நிற்கிறது.

பேச்சியம்மாள் ரோஷன் பீயைப் பார்த்தாள், புகை படிந்த சுவரைப் பார்த்தாள். "இருங்க பாயம்மா" என்று கொடியிலிருந்து ஒரு சேலையை உருவி, தன் ஜன்னலுக்குக் குறுக்கே, தன் பக்கத்திலேயே இழுத்துக் கட்டினாள். சேலைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது: "இனிமே உங்க வீட்டு வாசம் மட்டும் வந்தாப் போதும். அத மட்டும் அடைச்சிராதீய!"

சாந்த் பாஷா நன்றி சொல்லிப் பழக்கப்பட்டவரல்ல. முதல் சட்டி இறங்கியதும், சம்பந்திக்கு இலை போடுமுன், ஒரு தூக்கு நிறைய பிரியாணி சந்துக்கு அந்தப் பக்கம் போனது.

வாசலில் ஜமீர் அகமது குழந்தைபோலக் கூவினார்: "சம்பந்தி, இப்பப் பாருங்க! ரயில் கணக்கா விடுது!"

தில்ஷாத் மகளைப் பார்த்தாள். "பொட்டி எங்கடி?"

"உள்ள வெச்சுட்டேன்மா. அடுத்த சட்டி தம்முல இருக்குது, பேச வெக்காதீங்க."

மறுவாரம் அந்த ஜன்னலுக்குச் சாய்வுப் பலகைகள் அடித்தார்கள். காற்று வரும், கண் வராது. பேச்சியம்மாளின் சேலை அதற்குப் பிறகும் அவிழவில்லை.

சம்பந்திக்காரர் கோபத்தில் சுவரை இடித்துவிட்டு மகளை இழுத்துப் போனார் என்று ஓசூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒரு பேச்சு போயிற்று. பொய். ஜமீர் அகமது அன்று கடப்பாரையைத் தொடவில்லை. இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, மனைவியோடு மட்டும் பஸ் ஏறினார். சுவரை இடித்தவர் சாந்த் பாஷா.