சோதனைக்குக் கடைந்த ஸ்டட்

பட்டறையில் கடைசல் லேத்துக்கு அடியில் சுருள் சுருளாகக் கிடந்த இரும்புச் சீவலைக் கூட்டிக்கொண்டிருந்தாள் அக்கா. துடைப்பத்தில் ஏதோ தட்டி உருண்டது. குனிந்து எடுத்தாள். விரல் நீளத்தில் ஒரு ஸ்டட். தலையில்லாத போல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனையிலும் திருகு மரை, ஒரு முனை மட்டும் கொஞ்சம் பருமன். எடுத்தவள் நிமிரவே இல்லை.

“டேய் தம்பி, இங்க வா.”

“என்னக்கா, தேள் கொட்டின மாதிரி கத்துற?”

“காலைல அம்மணிக்கு எதைடா மாட்டின?”

அம்மணி என்பது பல் டாக்டரின் கார். டாக்டரைவிட வயதில் மூத்தது. அதன் மட்கார்டைச் சொந்தக் கன்னத்தைத் தடவுவது போலத்தான் தடவுவார். வளைவில் திரும்பினால் பின்னாலிருந்து ‘டொக்கு டொக்கு’ என்கிறது என்று போன வாரம் கொண்டுவந்து விட்டார். பின் சக்கரங்களை இணைக்கும் ஆக்சில் இடமும் வலமும் நகராமல் இழுத்துப் பிடிக்க ஒரு நீளக் கம்பி உண்டு. ஆக்சில் கூட்டில் திருகியிருக்கும் ஒரே ஒரு ஸ்டட்டில்தான் அந்தக் கம்பியின் ஒரு முனை மாட்டியிருக்கும். ஓட்டைக்குள் மரை தேய்ந்து, அந்த ஸ்டட் ஆடுபல்லாக ஆடிக்கொண்டிருந்தது. “அட, இதுக்கு நானே போதுமே, பிடுங்கியிருப்பேனே” என்று சிரித்தார் டாக்டர்.

தம்பி ஓட்டையைப் பெரிதாக்கிப் புது மரை வெட்டினான். அதற்கேற்ற ஸ்டட்டை அக்கா கடைந்தாள். எப்போதும் இரண்டாகக் கடைவதுதான் அவள் வழக்கம். முதலில் மிருதுவான சாதாக் கம்பியில் ஒன்று, மரை ஒழுங்காக ஏறுகிறதா என்று சோதிக்க. பிறகு பழைய லாரி ஆக்சிலை வெட்டி, அந்த முரட்டு இரும்பில் அசல். இரண்டும் கடைந்து மினுக்கிய பிறகு இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். பெற்றவளுக்கே குழப்பம் வரும். அதனால் சோதனைக்குக் கடைந்ததன் நுனியில் சென்டர் பஞ்ச் உளியை வைத்து ஒரு புள்ளி தட்டிவிடுவாள். இன்று காலை டாக்டர் தலைக்கு மேல் நின்று “ஆச்சா? ஆச்சா?” என்று பறந்த பறப்பில் அந்தப் புள்ளி விட்டுப்போனது.

“மேசை மேல இருந்ததைத்தான் மாட்டினேன்.”

“மேசை மேல ரெண்டு இருந்துச்சு.”

“புள்ளி இல்லாததைப் பாத்துதான்க்கா எடுத்தேன். புள்ளி இல்லன்னா அசல்தானே?”

“ரெண்டுலயும் புள்ளி இல்லடா.”

தம்பி எட்டி அதன் முனையைப் பார்த்தான். புள்ளி இல்லை.

அக்கா ஸ்டட்டை வைஸ் இடுக்கியில் வைத்து இறுக்கினாள். அரத்தை எடுத்தாள். மிருதுவான இரும்பு என்றால் அரம் கடிக்கும். கடித்துவிட்டால் அசல் காரில் இருக்கிறது என்று அர்த்தம். நிம்மதியாகப் போய்ச் சாப்பிடலாம். முரட்டு இரும்பு என்றால் வழுக்கும்; அப்படியானால் காரில் போனது சோதனை ஸ்டட். முப்பது வருஷம் அரம் பிடித்த கைக்கு இன்று அதன் பிடி எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. கடித்துவிடு, கடித்துவிடு என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டே தள்ளினாள்.

கண்ணாடி மேல் போவது போல வழுக்கிக்கொண்டு போனது அரம்.

இன்னொரு தடவை தள்ளிப் பார்த்தாள். வழுக்கியது.

“மலை மேல போறாங்கக்கா” என்றான் தம்பி. “டாக்டர் சம்சாரத்தோட அம்மா வீட்டுக்கு. பாப்பாவும் கூட.”

டாக்டருக்குப் போன் போட்டார்கள். அணைந்திருந்தது. அம்மணியை ஓட்டும்போது இன்ஜின் சத்தத்தைத் தவிர வேறெதுவும் காதில் விழக்கூடாது என்று போனை அணைத்து டிக்கியில் போட்டுவிடுகிற மனுஷன் அவர்.

பட்டறையைப் பூட்டக்கூட இல்லை. வேனில் ஜாக்கியையும் நட்டு திருகும் ரிஞ்சையும் அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். ஸ்டட்டை அக்கா உள்ளங்கையிலேயே வைத்திருந்தாள். அதன் மரை கையில் பதிந்து வலித்தது. வலிக்கட்டும் என்று இன்னும் இறுக்கினாள்.

மலை அடிவாரம் தாண்டியதும் தம்பி மெல்ல ஆரம்பித்தான். “ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. சும்மா ஒரு தடவை டைட் பண்ணிப் பாக்க வந்தோம்னு சொல்லி மாத்திடலாம். உண்மையைச் சொன்னா, அப்புறம் நம்ம கைபட்ட வண்டில எவன் ஏறுவான்?”

“ரோட்டைப் பாத்து ஓட்டு.”

அவன் சொன்னது அவளுக்கும் தோன்றாமல் இல்லை. தோன்றியதே பயமாக இருந்தது.

ஏழாவது வளைவில் அம்மணியின் பச்சை நிற முதுகு தெரிந்தது. பார்த்ததும் போன உயிர் வந்தது. அடுத்த வளைவில் வந்த உயிர் திரும்பிப் போனது. காரின் முன்பக்கம் திரும்பிவிட்டது. பின்பக்கம் ஒரு கணம் யோசித்துவிட்டு, பள்ளத்தின் பக்கம் ஒரு நடை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. பின் கண்ணாடியில் ஒரு சின்னத் தலை அதோடு சேர்ந்து சாய்ந்தது.

“ஹாரன் அடிடா!”

அடித்தான். டாக்டர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி உற்சாகமாக ஆட்டினார். ஆட்டிவிட்டு வேகத்தைக் கூட்டினார்.

“ஐயோ, பந்தயம்னு நினைச்சுட்டாருடா பாவி மனுஷன்!”

தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு பள்ளத்துப் பக்கமாக வேனை ஏற்றினான். அக்கா கீழே பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கத்தியிருப்பாள். வேன் முன்னால் போய்க் குறுக்கே நின்றது.

“என்ன, அதுக்குள்ள அம்மணியைப் பாக்காம இருக்க முடியலையா?” டாக்டர் சிரித்துக்கொண்டே இறங்கினார்.

“ஒண்ணுமில்ல சார்” என்றான் தம்பி. “சும்மா ஒரு தடவை டைட்...”

“தப்பான ஸ்டட்டைப் போட்டுட்டோம்” என்றாள் அக்கா. “சோதனைக்குக் கடைஞ்சது அது. தாங்காது. என் தப்பு. முதல்ல பாப்பாவை இறக்குங்க சார்.”

டாக்டரின் சிரிப்பு முகத்திலேயே கொஞ்ச நேரம் தங்கியிருந்தது, எங்கே போவதென்று தெரியாமல். அவர் மனைவி கார்க் கதவைத் திறந்தாள். பெண்ணைத் தூக்கிக்கொண்டு மலைச்சுவரோரம் போய் நின்றாள்.

சக்கரங்களுக்குக் கல் வைத்தார்கள். ஜாக்கி ஏறியது. “நான் போறேன்” என்றான் தம்பி.

“உன் தொப்பை முதல்ல போகட்டும், அப்புறம் நீ போகலாம். தள்ளு.”

மல்லாந்து அடியில் நகர்ந்தாள். அங்கே அது இருந்தது. காலையில் கம்பு மாதிரி நேராக நின்ற ஸ்டட், வேரோடு சாய்ந்த பல்லாகக் கோணியிருந்தது. கம்பி அதன் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னும் எத்தனை வளைவு தாங்கியிருக்கும்? இரண்டா? ஒன்றா? ரிஞ்சைப் போட்டு அழுத்தினாள். கார் முனகி, ஜாக்கியில் ஒரு விரற்கடை நகர்ந்தது.

“அக்கா!”

மூக்குக்கு நேரே ஆக்சில் நின்றது. கல் பிடித்துக்கொண்டது. ஒன்று, இரண்டு என்று பத்து வரை எண்ணிவிட்டு மறுபடி ரிஞ்சைத் திருப்பினாள். பழையது வந்தது. அசலை விரலால் ஏற்றினாள். ஒவ்வொரு மரையாக எண்ணி ஏற்றினாள். கம்பியை மாட்டி, நட்டைப் போட்டு, இறுக்கினாள்.

வெளியே வந்தபோது டாக்டர் கோணல் ஸ்டட்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். “நானும் ஒருதரம் தப்பான பல்லைப் பிடுங்கியிருக்கேன்” என்றார் மெதுவாக.

“இதை என்கிட்ட சொன்னதே இல்ல!” அவர் மனைவி முதல்முறையாக வாய் திறந்தாள்.

“அந்த ஆள்கிட்டயும் சொல்லலம்மா.”

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அக்காவிடம் வந்தாள். “இப்ப போட்டது சரியானதுதானே?”

“சரியானதுதாம்மா.”

“அப்படின்னா நீங்களும் ஏறுங்க. பின் சீட்ல, என் பொண்ணு பக்கத்துல. மேல போற வரைக்கும்.”

அக்கா கை மசியைத் துடைத்துக்கொண்டாள். ஏறினாள். அவள் உட்கார்ந்த இடத்துக்கு நேர் கீழே அந்த ஸ்டட். பின்னால் தம்பி வேனில் அம்மணியின் பின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். மிச்சம் பதினோரு வளைவு. கையில் அரம் வழுக்கியது நினைவிருந்தது, இது அசல்தான்; இருந்தும் ஒவ்வொரு திருப்பத்திலும் கதவுப் பிடியைப் பிய்த்துவிடுவது போலப் பிடித்தாள், சீட்டுக்கு அடியில் காதை வைத்தாற்போல இருந்தாள். டொக்கு என்று கேட்கிறதா? இல்லை. அடுத்ததில்? இல்லை.

அங்கிருந்து நான்காவது வளைவில் டாக்டர் திரும்பாமலே சொன்னார். “அக்கா, பின்னால ஒரு சத்தம் வருது.”

அக்கா சீட்டு விளிம்புக்கு நகர்ந்தாள். “எ... எங்க சார்?”

“உங்க வாயில. பல்லை நறநறன்னு கடிக்கிறீங்க. இன்ஜினைவிட அதுதான் பெரிசா கேக்குது. தாடையை விடுங்க, இல்லன்னா நாளைக்கு நீங்க என் நாற்காலில.”

பாப்பா களுக்கென்று சிரித்தாள். அக்கா வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டாள். அடுத்த வளைவு வந்தது.