டாக்டரின் வாய்

"உங்க வாயிலேருந்து ஒரு சாம்பிள் குடுங்க டாக்டர்."

கேட்டே விட்டாள். அந்தப் பல் மருத்துவமனையின் ஆய்வகத்தில் சேர்ந்த முதல் நாளே சீனியர் அக்கா காதில் போட்டு வைத்திருந்தாள்: "இந்தப் படியேறி வர்ற எந்த வாயை வேணா சுரண்டு. அந்த ஒரு வாயை மட்டும் திறக்கச் சொல்லிடாதே." ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஈறு வேண்டுமென்று முன்பு ஒருத்தி அவரிடம் கேட்டாளாம். மறுநாள் அவள் மேசை காலி.

அக்கா கையிலிருந்த தட்டால் அவள் முழங்கையை இடித்தாள். "ஏய் டிகிரி, சும்மா இரு!" குடும்பத்தில் முதல் பட்டம் தன்னுடையது என்று ஒரே ஒரு தடவை சொல்லித் தொலைத்ததிலிருந்து அதுதான் அவளுக்குப் பெயர்.

நாற்காலியில் அண்ணாந்து கிடந்தது அவளுடைய அம்மா. கீழ்வரிசையில் முன்பக்கத்துப் பற்கள் எட்டை இன்று பிடுங்குவதாக ஏற்பாடு. எட்டில் ஆடுவது இரண்டுதான். மற்ற ஆறையும் ஈறுக்குள்ளே ஆழமாகச் சுத்தம் பண்ணிப் பார்க்கலாமே என்று போன வாரம் அவள் கேட்டதற்கு, டாக்டர், அம்மாவின் சிகிச்சை அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "பல் விளக்கவே தெரியாத குடும்பம். இன்னைக்குச் சுத்தம் பண்ணா நாளைக்கே பழையபடி ஆயிடும். பிடுங்கிட்டா நிம்மதி." அம்மா தலையாட்டினாள். தினம் இரண்டு வேளை ரத்தம் வரவரத் தேய்க்கிறவள், தலையாட்டினாள்! துணி ஆலையில் இருபது வருஷமாக வாயைப் பொத்திக்கொண்டே சிரிக்கிறவள் வேறென்ன செய்வாள்?

ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் சுரண்டி எடுத்ததைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு மதியம் ஆற அமரப் பார்ப்பார்கள். அதற்குள் அமீபா ஏதும் இருந்தால் குளிரில் சுருண்டு உருண்டையாகிவிடும். சுற்றிக் கிடக்கும் சீழ் அணுக்களோடு அணுவாகிப் போகும். "சீழ் அணுக்கள் மட்டும்" என்று எழுதி மூடிவிடுவார்கள். அம்மாவின் அட்டையிலும் அதேதான். இன்று காலை அவள் அந்த வழக்கத்தை உடைப்பில் போட்டாள். உப்புநீர்க் குப்பியை உள்ளங்கைக்குள் பொத்திச் சூடாக்கி, அம்மாவின் ஈறிலிருந்து எடுத்ததை அதில் ஒரு சொட்டில் கலந்து, எடுத்த கையோடு, நாற்காலிக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்திருந்த மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். நகர்ந்தது. ஒரு பக்கம் காலை நீட்டி, உடம்பை அந்தக் காலுக்குள் ஊற்றிக்கொண்டு, வெள்ளையணு ஒன்றைச் சாவகாசமாகத் தின்றது.

டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் சிரித்தார். "அழுக்கு வாய்னா பூச்சி இருக்கத்தான் செய்யும்."

அப்போதுதான் அவள் அதைக் கேட்டது.

மூன்று பெண்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது மறுக்க அவருக்கு மனம் வரவில்லை போல. முகமூடியை இறக்கினார். "என் வாயில என்ன இருந்துடப் போகுது? எடு." புதினா வாசம் அடித்தது. கடைவாய் இடுக்கில் கருவி பட்டதுமே சிவப்பு கசிந்தது. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எடுத்ததை அவள் சூடு ஆறுமுன் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். எழுந்து ஸ்டூலை அவருக்கு விட்டாள். அவர் குனிந்தார். குமிழைத் திருகிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன.

"நகருதா டாக்டர்?"

"துடைச்சிடு அதை."

"அப்ப உங்களுக்கும் எட்டைப் பிடுங்கிடலாமா?"

"திமிரா? இதால நோய் வருதா, இல்ல நோய் வந்த இடத்துல இது வந்து ஒட்டிக்குதான்னு இன்னும் யாருக்கும் தெரியாது!"

"எனக்கும்தான் தெரியாது. இது இருந்தா அழுக்கு வாய்னு சொன்னது நீங்க. உங்க வாய்க்குத் துடைச்சிடு, எங்க அம்மா வாய்க்குப் பல்லு புடுங்குற கொறடா?"

"வேணாம்டி," என்றாள் அம்மா. "பெரிய டாக்டரு..."

"நீ எந்திரிம்மா."

பதிவேட்டில் இரண்டு வரி எழுதினாள். அம்மாவின் எண், நகரும் அமீபா உண்டு. அதன் கீழே, டாக்டர், நகரும் அமீபா உண்டு. கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். சான்றிதழ் உறையும் தண்ணீர் பாட்டிலும் காலையிலேயே பைக்குள் போயிருந்தன. மைக்ராஸ்கோப்பின் விளக்கை மட்டும் அணைக்கவில்லை. அவர் இன்னும் குனிந்தபடியே இருந்தார்.

வாசற்படியில் அம்மா கேட்டாள், உள்ளே கேட்கும்படியாகவே: "நெசமாவே அவரு வாயிலயும் இருந்துச்சாடி?"

"உன்னோடதை விடக் கொழுகொழுன்னு."

அம்மாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. வழக்கம்போல வாயைப் பொத்தக் கை எழுந்தது. அந்தக் கையைத்தான் அவள் பிடித்திருந்தாள். விடாமல் தெருவில் இறங்கினாள்.