எரிகிற பல்பை எவன் மாற்றுவான்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் கற்பனையில் பிறக்கவில்லை. என் வீட்டு மின்விசிறி நின்றுபோனதால் பிறந்தது. சரிசெய்ய வந்த எலக்ட்ரீஷியன் ஏணியில் நின்றபடியே கேட்டார்: "சார், நீங்க கதை எழுதுறவராமே? என் பொண்ணுகிட்ட ஒரு விஷயத்தை எப்படிச் சொல்றதுன்னு யோசனை சொல்லுங்களேன்." பாதி மாட்டிய விசிறியைப் பிடித்துக்கொண்டே முழுக்கதையையும் கொட்டிவிட்டார். அவர் ஏணியை மடக்கிக்கொண்டு போய்விட்டார். எனக்குத்தான் அன்றிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை.

2

முதல் தொடக்கம்: "கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு தாடி ஓணான் தன் கடைசி—"

(அடித்துவிட்டேன். முதல் வரியிலேயே சாகடிக்க என்ன அவசரம்? அது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.)

இரண்டாவது: "ஊர்வனவற்றின் எலும்பு வளர்ச்சிக்கு—"

(இதற்குப் பாடப்புத்தகம் போதும். நான் எதற்கு?)

மூன்றாவது கொஞ்சம் நிற்கிறது. எலக்ட்ரீஷியனின் மகள் வேலைக்காக வேறு ஊர் போனபோது, தான் குஞ்சிலிருந்து வளர்த்த தாடி ஓணானை, தாடையடியில் முள் சிலிர்க்கும் அந்த வெளிநாட்டு ஓணானை, அப்பாவிடம் விட்டுப் போனாள். முன்கால்களை ஊன்றி, நெஞ்சை நிமிர்த்தி உட்காரும் தோரணைக்காக அதற்கு ஆபீசர் என்று பேர். மனிதருக்கு முதலில் பிடிக்கவேயில்லை. பல்லி வகையறாவுக்கெல்லாம் நான் ஆயாவா என்று முணுமுணுத்தார். போகப் போக ஆளே மாறிவிட்டார். வெட்டுக்கிளிகள்மேல் கால்சியம் பொடி தூவி, இடுக்கியால் ஒவ்வொன்றாக நீட்டி, "சாப்பிடுங்க ஆபீசர், மேலிடத்துல கேப்பாங்க" என்று கெஞ்சுவார்.

தொட்டிக்கு மேலே இரண்டு பல்புகள். ஒன்று சூட்டுக்கு. இன்னொன்று, வெயிலில் இருக்கிற புற ஊதாக் கதிருக்கு. அந்தக் கதிர் படாவிட்டால் எவ்வளவு கால்சியம் ஊட்டினாலும் எலும்பில் சேராது. எரிந்தாலும் எரியாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதை மாற்றிவிட வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லி, புதியவற்றைப் பெட்டியோடு அலமாரியில் வைத்துவிட்டுத்தான் மகள் போனாள்.

3

இங்கேதான் இந்த ஆள்மேல் எனக்குச் சந்தேகம். ஓர் எலக்ட்ரீஷியனா இந்தத் தப்பைச் செய்வார்? நீங்களும் கேட்பீர்கள். யோசித்துப் பார்த்தால், எலக்ட்ரீஷியனாக இருந்ததால்தான் செய்தார். காலமெல்லாம் அணைந்ததைக் கழற்றி எரிவதை மாட்டிய கை அது. பளிச்சென்று எரிகிற ஒன்றைக் கழற்றிக் குப்பையில் போட அந்தக் கைக்கு மனசு வரவில்லை.

வீடியோவில் மகள் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான்: "மாத்திட்டேம்மா. பல்பு விஷயத்தை எனக்கே சொல்லித் தர்றியா?"

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: பல்பின் வெளிச்சம் அப்படியே இருக்கும், கதிர் மட்டும் தேய்ந்துகொண்டே போகும். கண்ணுக்குத் தெரியாது. இதை வாழ்க்கையோடு ஒப்பிட்டு நாலு வரி எழுதினேன். அழகாகத்தான் இருந்தது. ஒரு பிராணி நோகும் இடத்தில் நான் வித்தை காட்டுவது எனக்கே பிடிக்காமல் அடித்துவிட்டேன்.]

4

ஒருநாள் காலையில் ஆபீசரால் நெஞ்சைத் தூக்க முடியவில்லை. விரல்கள் தானாக நடுங்கின. வெட்டுக்கிளியைக் கவ்வியது, பிடிக்க முடியாமல் நழுவவிட்டது. மனிதர் பதறிப்போய் அதைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினார். அந்த அம்மா தாடையை விரலால் தொட்டுப் பார்த்தார். ரப்பர் மாதிரி அமுங்கியது.

"புற ஊதா பல்பு எப்ப மாத்தினீங்க?"

"நல்லா எரியுதுங்க டாக்டர்."

"நான் அதைக் கேக்கல."

எலக்ட்ரீஷியன் துண்டை இன்னும் இழுத்துப் போர்த்தினார். பிறகு, "பொழைச்சுக்குமா?" என்றார்.

"மருந்து தர்றேன். புது பல்பை இன்னைக்கே மாட்டுங்க. எலும்பு கெட்டிப்படலாம். ஆனா கால் வளைஞ்சது வளைஞ்சதுதான்."

வீட்டுக்கு வந்து அலமாரியிலிருந்த பெட்டியைப் பிரித்து மாட்டினார். கண் மூடித் திறப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. அவ்வளவு சுலபமான வேலை என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

மகள் அடுத்த வாரம் விடுமுறையில் வருகிறாள்.

5

முடிவுகளை எழுதி, போனில் அவருக்கே வாசித்துக் காட்டினேன்.

ஒன்று: ஆபீசர் முழுசாகத் தேறிவிடுகிறது, மகளுக்கு எதுவும் தெரியாது.

"டாக்டரம்மா நிமிராதுன்னுட்டாங்க. உங்க கதைக்காக நிமிருமா சார்?"

இரண்டு: அவள் வருவதற்குள் அது—

"வாயைக் கழுவுங்க சார்!"

மூன்று: மகள் வழக்கம்போலக் கேட்கிறாள். இவர் வழக்கம்போல மாற்றிவிட்டேன் என்கிறார். இப்போது அது பொய்யில்லையே. கால் வளைந்ததற்கு, ஏதோ நோய் என்று சொல்லிக்கொள்ளலாம்.

இது அவருக்குப் பிடித்துவிடும் என்றுதான் நினைத்தேன்.

"அவ நம்பிடுவா சார்," என்றார். "அதான் வேணாம்."

6

இன்று, இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவர் கூப்பிட்டார். "இப்ப அவ வீடியோல வர்ற நேரம். வந்து கண்ணால பாக்குறதுக்கு முன்னாடி நானே சொல்லிடுறேன். எப்படி ஆரம்பிக்கட்டும்?"

எழுந்து நடந்தேன். உட்கார்ந்தேன். "அம்மா, ஒரு சின்ன—" (சின்னதா?) "நீ கோபப்படக் கூடாது—" (ஏன் கூடாது?) "அப்பா வேணும்னே செய்யல—"

"விடுங்க சார், அவளே கூப்பிடுறா," என்று வைத்துவிட்டார்.

அவர் சொல்லியிருப்பார். அதில் எனக்குச் சந்தேகமில்லை. மகள் என்ன சொன்னாள் என்பதுதான் எழுத வரவில்லை. அந்தப் பெண்ணை நான் பார்த்ததுகூட இல்லை. அதனால் இந்த இடத்தில் நீங்கள் வந்து உட்காருங்கள். உயிரையே வைத்து வளர்த்த ஒன்றை, நம்பி ஒருவர் கையில் கொடுத்துவிட்டுப் போனவர் நீங்கள். திரையில் அவர் முகம் வருகிறது. "நான்தாம்மா கெடுத்துட்டேன்" என்கிறார்.

சீக்கிரம் ஏதாவது சொல்லுங்கள். மனிதர் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.