சூத்திரம் தப்பா கீது டீச்சர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மூளையில் உதிக்கவில்லை, என் ஸ்கூட்டரில் ஏறி வந்தது. மந்தைவெளியில் எங்கள் மாடியில் குடியிருக்கும் அல்போன்சா டீச்சர், போன மாதம் ஒரு சனிக்கிழமை, "சாய்நாத் சார், ஒரு பலகைய அடையாறு முகத்துவாரத்துல கொண்டுபோய் விடணும், முடியுமா?" என்று கேட்டார். பள்ளியில் கழித்துப்போட்ட பெஞ்சுப் பலகை. எதற்கு என்றேன்.

"காத்தாடியப் பிடிச்சுக்கிட்டு, அதும்மேல நின்னு தண்ணியில போகப் போறேன்."

இதைக்கூட எழுதாவிட்டால் வாரப் பத்திரிகையில் நான் எதற்குக் குப்பை கொட்டுகிறேன்?

2

கதைக்கு நான் எழுதிப் பார்த்த முதல் தொடக்கம்: "கடலன்னை தன் நீலக் கரங்களை விரித்து..." சே! அங்கே தண்ணீர் முழங்கால் அளவுதான். குளிக்க விளாவிய வெந்நீர் மாதிரி கதகதப்பு. நிறம், பால் குறைந்த டீ.

இரண்டாவது: "அவள் ஒரு புதுமை..." வேண்டாம். நாற்பத்தாறு வயதுக் கணக்கு டீச்சரை 'அவள்' என்று எழுத எனக்குத் தைரியம் கிடையாது.

மூன்றாவது, நடந்தது: கனடாவிலிருந்து டீச்சரின் தம்பி அகஸ்டின் ஒரு வீடியோ கேசட் அனுப்பினார். அதில், ஏதோ ஒரு தீவில், ஒருவன் பெரிய காத்தாடியின் கயிற்றை இடுப்பில் மாட்டிக்கொண்டு தண்ணீர்மேல் வழுக்கிப் போகிறான். டீச்சர் பதினோரு தடவை பார்த்தார். காற்றின் வேகம், துணியின் பரப்பு, தன் எடை (அதை எழுதக் கூடாது என்று உத்தரவு) எல்லாவற்றையும் வைத்து ஒரு சூத்திரம் போட்டார். அந்தக் கணக்குப்படி, மயிலாப்பூரில் காத்தாடி செய்யும் கபாலி, மூங்கிலும் குடைத்துணியுமாக இரட்டைக் கட்டில் அளவுக்கு ஒன்று கட்டிக் கொடுத்தார்.

3

'இதில் என்னய்யா சிக்கல்?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. சிக்கல் இருக்கிறது. வரும் திங்கட்கிழமை டீச்சருக்குத் தலைமையாசிரியை பதவிக்கான நேர்காணல். இருபத்து மூன்று வருடம் காத்திருந்த பதவி. நிர்வாகத்தில் சிலருக்கு, டீச்சர்கள் சுடிதார் போட்டாலே காய்ச்சல் வந்துவிடும். தண்ணீரில் காத்தாடியோடு புரண்டது தெரிந்தால் பதவி அம்போ.

"அப்புறம் ஏன் டீச்சர் இந்த வம்பு?"

"ஐப்பசி வந்தா காத்து மாறிடும் சார். அதுக்குள்ள ஒரே ஒரு தடவ, பத்து செகண்டு நிக்கணும்."

4

முதல் சனிக்கிழமை காத்தாடி குட்டிக்கரணம் அடித்தது, டீச்சரும் அடித்தார். கரையிலிருந்து கபாலி கத்தினார். "சூத்திரம் தப்பா கீது டீச்சர்!"

கணக்கு டீச்சரிடம் அப்படி யாரும் சொன்னதே இல்லை. வீட்டுக்கு வந்து ஒரு குயர் நோட்டு முழுக்கத் திரும்பப் போட்டார். அடுத்த சனிக்கிழமையும் தொபுக்கடீர்.

"அதான் சொன்னேனே, சூத்திரம் தப்பு!"

"எந்த வரியில தப்பு? காட்டுங்க!" டீச்சர் நோட்டை நீட்டினார். கபாலி அதைத் தலைகீழாகவும் பார்த்தார்.

"இன்னா டீச்சர் இது? நான் சொன்னது இத்த." காத்தாடியின் குச்சியில் நூல் மாட்டக் கட்டியிருந்த கயிற்றை இழுத்துக் காட்டினார். "இதான் சூத்திரம். ரெண்டு வெரலு மேல ஏத்திக் கட்டணும்."

(காத்தாடிக்காரர்கள் அந்தக் கயிற்றைத்தான் சூத்திரம் என்பார்கள். இது தெரியாமல் நானும் இரண்டு வாரம் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.)

டீச்சர் தண்ணீரிலேயே உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார்.

5

ஏற்றிக் கட்டியதும் காத்தாடி ஆணி அடித்தாற்போல் வானத்தில் நின்றது. டீச்சர் ஒரு காலைப் பலகையில் வைத்தார். அப்போது பார்த்து, ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அப்பா கரையோரமாக நடந்து வந்தார். டீச்சர் சட்டென்று காத்தாடியை இறக்கி, அதன் பின்னால் குனிந்துகொண்டார்.

"யாருப்பா அது?" என்றார் வந்தவர்.

"நம்ம வூட்டு ஆளு சார். சிப்பி பொறுக்கிக்கினு கீது," என்றார் கபாலி.

அவர் போனதும் நான் சிரித்தேன். டீச்சர் சிரிக்கவில்லை. "ஒளிஞ்சுட்டேனே சார்," என்றார். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

6

முடிவுகள்:

(அ) பத்து செகண்டு நின்றார், பதவியும் கிடைத்தது. ரொம்பத் தித்திப்பு.

(ஆ) நின்றார், பதவி போயிற்று. ஆசிரியர் குழுவுக்குப் பிடிக்கும், எனக்குப் பிடிக்கவில்லை.

(இ) பதவிக்காகக் காத்தாடியை மடித்துப் பரணில்... மாட்டேன், எழுத மாட்டேன்.

7

போன ஞாயிற்றுக்கிழமை பிரதியைக் காட்டினேன். அதில் அவர் பெயர் வர்ஷினி, வேலை வங்கியில், இடம் கோவளம். யாருக்கும் தெரிய வேண்டாமே என்று நான் செய்த உபகாரம். டீச்சர் சிவப்புப் பேனாவைத் திறந்தார். வர்ஷினியை எல்லா இடத்திலும் அடித்துவிட்டு, மேலே 'அல்போன்சா' என்று எழுதினார். வங்கியை அடித்தார். கோவளத்தை அடித்தார்.

"டீச்சர், பத்திரிகை வெள்ளிக்கிழமை கடைக்கு வந்துடும். திங்கட்கிழமை இன்டர்வியூ!"

"தெரியும். நடுவுல சனிக்கிழமை இருக்கே."

"சரி, முடிவு?"

"அத நீங்க ஏன் எழுதணும்? படிக்கிறவங்கள வந்து பாக்கச் சொல்லுங்க."

ஆகவே, நாளை சனிக்கிழமை மாலை நாலு மணி, அடையாறு முகத்துவாரத்தில் உடைந்த பாலத்துக்குக் கீழே. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டோ, புடவையை இடுப்பில் செருகிக்கொண்டோ வாருங்கள். பள்ளி நிர்வாகத்தாரும் தாராளமாக வரலாம். டீச்சர் பலகையில் ஏறியதும் எல்லோரும் சேர்ந்து, வாய்விட்டு, ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். எது வரைக்கும் என்று நான் எழுதப் போவதில்லை.