கதவுக்கு ஒரு படுக்கை

பெருந்தொற்றின் இரண்டாம் மாதத்தில் எங்கள் வீட்டு வாசற்கதவுக்கு நோய் உறுதியானது. முடிவு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. பதினொரு மணிக்கெல்லாம் ஆம்புலன்ஸில் இரண்டு பேர் வந்து, கீல்களைக் கழற்றி, கதவைப் போர்வையில் சுற்றி ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். நீளம் போதாமல் கால்பக்கம் ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தெருவில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அந்த ஒரு வாரத்தில் மட்டும் எங்கள் தெருவிலிருந்து ஆறு கதவுகள் போயிருந்தன.

அரசின் கொள்கை இதில் தெளிவாகவே இருந்தது. ஆட்கள் இன்று இருப்பார்கள், நாளை மாமியார் வீட்டுக்குப் போய்விடுவார்கள். கதவு வைத்த இடத்தில் இருக்கும். ஆகவே பரிசோதனை, சிகிச்சை, கபசுரக் குடிநீர் எல்லாமே கதவு வாரியாக. ஒரு கதவுக்கு ஒரு படுக்கை. சுகாதாரப் பிரிவில் படிவங்கள் தீர்ந்துபோய், வீட்டு வரிப் பிரிவில் வாங்கி வந்த படிவத்தைத்தான் நிரப்பினார்கள். கதவு எண், உயரம், அகலம், மரத்தின் வகை என்று நான்கு கட்டங்கள். அதை நாலாயிரம் பிரதி எடுத்துக் கொடுத்தது என் ஜெராக்ஸ் கடைதான். பெயர் எழுத இடமில்லையே என்று அன்றைக்கே கேட்டேன். பக்கம் ஒன்றுதானா, பின்பக்கமும் உண்டா என்று பார்த்துச் சீக்கிரம் எடுக்கச் சொன்னார்கள்.

கதவு போன மூன்றாம் நாள் என் அக்கா அமிர்தவல்லிக்குக் காய்ச்சல் கண்டது. அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளர். நானூறு பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்கார வைக்கிற குரல் அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமை அந்தக் குரலில் ஒரு வாக்கியம் முழுதாக வரவில்லை. விரலில் மாட்டிப் பார்க்கிற கருவி எண்பத்தொன்பது காட்டியது. ஆட்டோவில் ஏற்றி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன்.

வாசலில் நர்ஸ் ஜெபசெல்வி மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்.

"கதவு எண்?"

"பதினேழு."

அவர் பேரேட்டைப் புரட்டினார். "பதினேழு ஏற்கெனவே அட்மிட் ஆயிருக்கே."

"அது கதவு, சிஸ்டர். இது எங்க அக்கா."

"அதத்தான் நானும் சொல்லுதேன். உங்க படுக்கையில ஆள் இருக்கு."

வேண்டுமானால் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஜன்னலைக் காட்டினார். எங்கள் கதவு வெள்ளை விரிப்பில் மல்லாந்து படுத்திருந்தது. சாவித் துவாரத்தில் ஆக்ஸிஜன் முகமூடி. தலைமாட்டில் ஆரஞ்சுப் பழம்.

"ரொம்ப ஒத்துழைக்குது. வந்த நாள்லேருந்து ஒரு முனகல் கிடையாது," என்றார் ஜெபசெல்வி.

கீலைக் கழற்றிவிட்டால் முனகல் எங்கிருந்து வரும் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன். படுக்கை அவர் கையில்.

அக்காவை மருத்துவமனைப் படியில் உட்காரவைத்துவிட்டு நகராட்சி அலுவலகத்துக்கு ஓடினேன். சுகாதார ஆய்வாளர் குற்றாலிங்கம் இரண்டு முகக்கவசங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, டீ குடிக்க வழி தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

"சார், எங்க கதவை டிஸ்சார்ஜ் பண்ணுங்க. நல்லாத்தான் இருக்கு. அந்தப் படுக்கையில அக்காவைப் போடணும்."

"பதினாலு நாள் ஆகணுமே, அண்ணாச்சி. அரைகுறையா அனுப்பி அதுக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டா, மேல யாரு பதில் சொல்றது?"

"அக்காவுக்கு ஆயிட்டா?"

அவர் நிதானமாக யோசித்தார். பொய் சொல்லுகிற மனிதர் இல்லை.

"அக்காவுக்குன்னா கேக்க மாட்டாங்க. படிவத்துல இடம் இல்லைல்லா."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த டீயைப் பிடுங்கி நானே குடித்துவிட்டேன். சூடாக இருந்ததா என்று மட்டும் அவர் கேட்டார். இருந்தது. நாக்கு வெந்ததும்தான் எனக்கு மூளை வேலை செய்தது.

எட்டு வருடத்துக்கு முன்பு நகராட்சி வீடுகளுக்கெல்லாம் புது எண் கொடுத்தது. பழைய எண்ணை ரத்து செய்ய எந்த அதிகாரிக்கும் துணிச்சல் வரவில்லை. ஊரில் எல்லாச் சுவரிலும் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. பழைய எண் நாற்பத்தொன்று, புதிய எண் பதினேழு. தபால்காரர் ஒன்றுக்கு வருவார், கேஸ் சிலிண்டர் இன்னொன்றுக்கு வரும்.

"சார், கதவு புது எண்ணுலதான போயிருக்கு? பழைய எண் சும்மாதான கிடக்கு?"

குற்றாலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார்.

"ஆமா. நாப்பத்தொண்ணு யாரும் அட்மிட் ஆகல." உடனே ஒரு படிவத்தை எடுத்தார். அவர் கையில் இருந்தது என் கடைப் பிரதி. "உயரம் சொல்லுங்க."

"அஞ்சடி ஒரு அங்குலம்."

"அகலம்?"

"ஒண்ணரை அடி இருக்கும்."

"என்ன மரம்?"

அக்காவின் வாயை நினைத்துப் பார்த்தேன். "வேம்பு."

அவர் தலை நிமிராமல் எழுதி முத்திரை குத்தினார். நான் திரும்பி ஓடிவந்தபோது கருவி அக்காவுக்கு எண்பத்திரண்டு காட்டியது. உதடு நீலமாகியிருந்தது. ஜெபசெல்வி காகிதத்தைப் பார்த்ததும் எழுந்தார். மூன்றே நிமிடத்தில் அக்கா படுக்கையில் இருந்தாள், மூக்கில் ஆக்ஸிஜன் ஏறியது. மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கதவுக்காக இப்படி அழுகிறவரைப் பார்த்ததே இல்லை என்று ஜெபசெல்வி ஆறுதல் சொன்னார்.

சிகிச்சையில் குறை சொல்ல முடியாது. ஐந்தாம் நாள் அக்கா போனில் பேசினாள்.

"மூட்டு மூட்டா ரெண்டு வேளை எண்ணெய் போடுதாங்க, தம்பி. டாக்டர் தினம் வந்து விரலால தட்டிப் பாத்து, பூச்சி அரிக்கலன்னு எழுதிட்டுப் போறாரு. சோறுதான் கிடையாது. கேட்டா, மரத்துக்கு எதுக்குங்காங்க."

அன்று முதல் தூக்குவாளியில் கஞ்சி ஊற்றி, மேலே 'வார்னிஷ்' என்று எழுதி ஒட்டி அனுப்பினேன். வாசலில் யாரும் தடுக்கவில்லை. ஒருநாள் ஜெபசெல்வி மட்டும், இந்த வார்னிஷுக்குத் தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லையா என்று போனில் கேட்டார். மறுநாள் துவையலும் அனுப்பினேன்.

பதினான்காம் நாள் அக்காவை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். இளைத்திருந்தாள். ஆனால் ஏறவேண்டிய மூச்சு ஏறி, இறங்கவேண்டிய மூச்சு இறங்கியது. எனக்கு அது போதும். கூடவே ஒரு ஆசாரியும் இறங்கினார். கையில் உளிப்பையும் புதுக் கீல்கள் இரண்டும் இருந்தன.

குணமான கதவைப் பொருத்திக் கொடுத்து வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கிய பிறகே வண்டி கிளம்ப வேண்டும் என்பது உத்தரவு. பதினேழாம் எண்ணை மேல்சிகிச்சைக்காகத் தலைநகருக்கு அனுப்பிவிட்டதால் எங்கள் வாசல் நிலையும் காலியாகத்தான் இருந்தது. நான் டிரைவரிடம் கொஞ்சம் சத்தம் போட்டேன். அவர் அடுத்து மூன்று தெருவுக்குப் போகவேண்டும் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

ஆசாரி முழக்கோலை எடுத்து நிலையை அளந்தார், பிறகு அக்காவை அளந்தார்.

"மேல ரெண்டு அடி சந்து விழும், அண்ணாச்சி."

"காத்து வரட்டும்," என்றேன்.

அக்கா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நிலைக்குள் போய் நின்றாள்.

"மூஞ்சி வெளிப்பக்கமா இருக்கட்டும், ஆசாரி," என்றாள். "பதினாலு நாளா விட்டத்தையே பாத்துக் கிடந்தாச்சு."

அவர் அவளைத் தெருவைப் பார்த்து மாட்டினார். கடைக்கு நேரமாகிவிட்டது. நான் வெளியே போக அக்கா வழிவிட்டாள். போன பிறகு தானே சாத்திக்கொண்டாள்.