பன்னிரண்டு வயதுக் காலடி

தரைக்காரர் ஈரத்தில் நடந்தால் விழும் காலடி அவருடையது அல்ல. ஐம்பதைத் தாண்டிய ஆள், நல்ல கனம், காலில் எப்போதும் பளபளக்கும் தோல் ஷூ. ஆனால் அவர் கடந்துபோன இடத்தில் பதிந்திருப்பது பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தியின் வெறுங்கால். அதிலும் வலது காலின் சுண்டுவிரல் பக்கத்து விரலின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். மழை நாட்களில் இதனால் கொஞ்சம் தொந்தரவு உண்டு, மற்றபடி உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லை.

நாலு வயதாகியும் அவர் நடக்காத பிள்ளை. பெரிய ஆஸ்பத்திரியில் பெயர்பெற்ற எலும்பு டாக்டர் அவரை இரண்டு முறை பார்த்தார். முதல் முறை முட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, நடக்கப் பழக்குங்கள் என்றார். இரண்டாம் முறை, பழக்குகிறீர்களா என்று கேட்டார். அப்பாவும் அம்மாவும் நூல் ஆலையில் மாற்றி மாற்றி ஷிப்ட் பார்த்தவர்கள், அதனால் பழக்குவதற்கு வீட்டில் மிச்சமிருந்தது பன்னிரண்டு வயது அக்காதான். அவள் பள்ளிக்கூடம் போவதை விட்டாள். நிற்கச் சொன்னவர் யாரும் இல்லை, போகச் சொன்னவரும் யாரும் இல்லை. காலையில் பாத்திரம் கழுவி, தரை துடைத்து முடித்ததும் தம்பியின் முதுகைத் தன் வயிற்றில் சாய்த்து, அவன் பாதங்களைத் தன் பாதங்களின்மேல் ஏற்றிக்கொண்டு, சமையலறையிலிருந்து தெருக்கதவு வரைக்கும் நடப்பாள். பிறகு திரும்பி நடப்பாள். கால் வலித்தால் அவனைத் திட்டுவாள், வலி விட்டால் முத்தம் கொடுப்பாள். மாதக்கணக்கில் இப்படியே போய், ஒருநாள் துடைத்த தரை காய்வதற்குள் தம்பி அக்காவின் காலிலிருந்து இறங்கித் தானாகவே தெருக்கதவைத் தொட்டான். அக்கா தெருவே திரும்பிப் பார்க்கும்படி கூச்சல் போட்டாள். அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்த அம்மா மட்டும் தரையைப் பார்த்தாள். மகன் நடந்த வழியெல்லாம் மகளின் கால் பதிந்திருந்தது. மகள் குதித்துக்கொண்டிருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

அம்மா முந்தானையாலேயே தரையைத் துடைத்துவிட்டு மகனைத் தனியாகக் கூட்டிப் போனாள். "அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதடா. அவ திருப்பிக் கேட்டுட்டா நீ பழையபடி உட்கார்ந்துடுவே." அம்மா கெட்டவள் அல்ல. இரண்டு பிள்ளைகளும் நடக்க வேண்டும், தடம் ஒருவருக்குத்தான் இருக்கும் என்றால், யாருக்கு விழுந்தால்தான் என்ன என்று நினைத்தாள். அந்த வயதில் மற்றப் பிள்ளைகள் மிட்டாயைக்கூட ஒளித்துவைக்கத் தெரியாமல் மாட்டிக்கொள்வார்கள். இவனோ இதை ஒளித்துவைத்துக்கொண்டு வளர்ந்தான்.

தன் காலடி காணாமல் போனதை அக்கா தாமதமாகத்தான் கவனித்தாள். காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்கு முடி கொட்டுவதுபோல இதுவும் ஏதோ ஒன்று, திரும்ப வந்துவிடும் என்றிருந்தாள். வரவில்லை. அவளைப் பெண் பார்க்க வந்த வீட்டார் நல்ல மனிதர்கள், பையன் தபால் ஆபீஸில் வேலை. மழையில் முற்றத்தைக் கடந்து தட்டோடு வந்தவளின் பின்னால் சேற்றில் ஒரு சுவடும் இல்லாததைப் பையனின் அம்மா பார்த்துவிட்டாள். "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா. ஆனா தடமே விழாதவ ஒரு வீட்ல எப்படிம்மா நிலைப்பா?" என்றாள். தண்ணீரைக்கூடக் குடிக்காமல் எல்லோரும் எழுந்தார்கள். பதினைந்து வயதுத் தம்பி கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். முற்றத்தில் இறங்கி நாலு எட்டு வைத்துக் காட்டியிருந்தால் போதும், அவளுடையது இங்கே பத்திரமாக இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அவன் இறங்கவில்லை. அன்று மழை விடும்வரை அவன் வீட்டைவிட்டு வெளியே வரவேயில்லை. அதற்குப் பிறகு யாரும் பெண் கேட்டு வரவும் இல்லை.

இப்படிப்பட்டவன் போயும் போயும் தரை போடும் தொழிலுக்கு வந்ததைப் பார்த்து விதி சிரித்திருக்க வேண்டும். சிமெண்ட் தரை, மொசைக், பிறகு டைல்ஸ் என்று வளர்ந்து, ஊரில் பாதிக் கட்டடங்களுக்குத் தரை அவருடையது என்றாயிற்று. பூசிய சிமெண்டில் கால் படாமல் இருக்க இந்தத் தொழிலில் பலகை போட்டு நடப்பார்கள். மற்ற மேஸ்திரிகள் அவசரத்துக்குப் பலகையை மறப்பதுண்டு. அவர் மறந்ததே இல்லை. சுத்தமான வேலைக்காரர் என்று பெயர் வந்தது. அம்மா செத்தபோது ரகசியம் முழுக்க அவர் ஒருவர் தலையில் வந்து உட்கார்ந்தது, அதற்குள் அவர் மனைவியும் பிள்ளைகளும் மாடிவீடுமாக ஆகியிருந்தார். அக்கா பழைய வீட்டில் தனியாக இருந்தாள். சும்மா இருந்தால் கால் வீங்குகிறது, ஏதாவது வேலை பார்த்துக்கொடு என்றாள். பெரிய ஆஸ்பத்திரியில் தரை துடைக்கச் சேர்த்துவிட்டார். யார் இவர் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். "தெரிஞ்சவங்க," என்றார். அது அக்காவின் காதில் விழுந்தது. அன்றிலிருந்து ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்தால் அவளும் "சார்" என்றே கூப்பிட்டாள், ஒரு தடவைகூட வாய் தவறவில்லை. ஈரத்தரையில் எத்தனை தடவை நடந்தாலும் சுவடு விழாத ஒரு துடைப்பவள் கிடைத்தது ஆஸ்பத்திரியின் அதிர்ஷ்டம் என்று மேற்பார்வையாளர் சந்தோஷப்பட்டார்.

இதெல்லாம் இப்படியே ஓடியிருக்கும். ஆனால் அவருடைய கம்பெனிக்கு வெள்ளிவிழா வந்தது, பத்திரிகையிலிருந்து ஒரு பெண் வந்தாள். நிறைய கேட்டாள். கடைசியில், உங்கள் வாழ்க்கையை மாற்றியவர் யார் சார் என்றாள். அவர் வாயைத் திறந்தார். அக்கா என்றால் எப்படி என்பாள், எப்படி என்றால் எங்கே காட்டுங்கள் என்பாள், அது அச்சாகி வந்தால் அக்கா படிப்பாள், படித்தால் கேட்பாள். எலும்பு டாக்டரின் பெயரைச் சொன்னார். டாக்டர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகியிருந்ததால் அவரும் மறுக்கவில்லை. பத்திரிகை வந்த அன்று காலை குளித்துவிட்டு வந்த தரைக்காரரின் ஈரக்காலடிகள் காயவில்லை. மத்தியானமும் காயவில்லை. வேலைக்காரி சோப்புப் போட்டாள், ஆசிட் போட்டாள், தேங்காய் நாரால் தேய்த்தாள். மனைவி கண்டும் காணாததுபோல வீடு முழுக்கக் கம்பளம் விரித்தாள்.

அந்தச் சின்னக் காலடிகளை அழிக்க ஒரே ஒரு மாப்பால்தான் முடிந்தது. ஆஸ்பத்திரியின் புது வார்டுக்குத் தரை போடும் வேலை அவருக்குக் கிடைத்திருந்தது. அவர் வந்துபோன நாளெல்லாம் தாழ்வாரங்களில் சின்னக் கால்கள் ஓடிக் கிடக்கும், அக்கா பின்னாலேயே போய்த் துடைப்பாள், அவளுக்கு மட்டும் அவை போகும். ஏதோ ஒரு நோயாளியின் குழந்தை கண்ணில் படாமல் விளையாடுகிறது என்று அவள் முடிவுகட்டியிருந்தாள். "வாலுக் குட்டி, கையில கிடைச்சே, அவ்வளவுதான்," என்று தரையைப் பார்த்துச் செல்லமாக மிரட்டுவாள். இரண்டொரு தடவை ஜன்னல் ஓரத்தில் அந்தக் குட்டிக்காக பிஸ்கட்கூட வைத்தாள். தரைக்காரர் அதைத் தூரத்திலிருந்து பார்த்தார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவருக்கு அது குறுகுறுப்போடு நிற்கவில்லை. அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாளும் வேலைக்கு வந்து நடந்தார், மறுநாளும் அவள் துடைத்தாள்.

திறப்புவிழாவுக்கு முந்திய நாள் காலை, வாசற்படிக்குக் கடைசிப் பூச்சு போட்டு முடித்திருந்தார்கள். ஆஸ்பத்திரி அதிகாரி, தலைமை நர்ஸ், மேஸ்திரி எல்லோரும் சூழ நிற்க, தரைக்காரர் பலகைமேல் நின்று வேலையை விளக்கிக்கொண்டிருந்தார். பலகை ஒரு பக்கம் புரண்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவருடைய இரண்டு ஷூக்களும் பச்சைச் சிமெண்டில் இறங்கின. பதறி வெளியே வந்தார். படியில் இரண்டு வெறுங்கால்கள், பக்கத்து விரல்மேல் ஏறிய சுண்டுவிரலோடு, அழகாகப் பதிந்திருந்தன. அதிகாரி படியைப் பார்த்தார், ஷூவைப் பார்த்தார், மறுபடி படியைப் பார்த்தார்.

வாளியோடு வந்த அக்காவும் பார்த்தாள். "ஐயோ, அந்த வாலு இங்கயும் வந்துடுச்சா! நகருங்க சார், நான் மட்டம் பண்ணிடறேன், காஞ்சுட்டா போகாது," என்று மேஸ்திரியின் கையிலிருந்த கரணையை வாங்கிக்கொண்டு குனிந்தாள். அவள் கை பட்டால் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். கரணை விளிம்பு குதிகாலைத் தொட்டது.

"அக்கா, வேண்டாம்," என்றார்.

யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரியில் எல்லோருமே அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளும் கையை நிறுத்தவில்லை. அவர் ஈரச் சிமெண்டிலேயே மண்டியிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "என் அக்கா சார் இவங்க. கூடப் பொறந்தவங்க. என்னை நடக்க வெச்சது இவங்கதான், டாக்டர் இல்ல." பிறகு அவளைப் பார்த்து, "அக்கா, அது உன் காலு. அப்பலேர்ந்து என்கிட்டதான் இருக்கு. எனக்குத் தெரியும். அவங்க பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கும் தெரியும்," என்றார்.

அக்கா கரணையைக் கீழே வைத்தாள். செருப்பைக் கழற்றித் தன் வலது காலைப் பார்த்தாள், வெடித்த பாதத்தில் சுண்டுவிரல் இன்னும் அப்படியேதான் ஏறியிருந்தது. பிறகு படியைப் பார்த்தாள். கோபிப்பாள் என்று அவர் காத்திருந்தார், அறைந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார். அவள் தன் வலது பாதத்தை அந்தக் காலடியின்மேல் படாமல் தூக்கிப் பிடித்து அளந்தாள். பாதம் பெரிதாக இருந்தது.

"இவ்வளவு சின்னக் காலாடா எனக்கு?" என்றாள். "இதுமேலயாடா உன்னை ஏத்திக்கிட்டு நடந்தேன்?"

அவர் முட்டியிலிருந்து எழவில்லை. திருப்பி எடுத்துக்கொள் அக்கா, நான் உட்கார்ந்துவிடுகிறேன் என்றார். அவள் ஏதோ கடையில் சட்டை பார்ப்பவள்போல மறுபடி ஒருமுறை பார்த்தாள். "எடுத்து? இந்தக் காலுக்கு இது இனிமே எங்கடா பத்தும்? நீயே வெச்சுக்கோ," என்றாள். வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் போன வழியில் வழக்கம்போல ஒன்றும் இல்லை.

கேட்டிருந்தால் கொடுத்துவிட்டு விழுந்திருக்கலாம். அவள் கேட்காததால் தரைக்காரர் இன்றும் நடந்துகொண்டிருக்கிறார். கம்பளங்களைச் சுருட்டி மாடியில் போட்டாயிற்று. அதிகாரி படியை உடைத்துப் புதிதாகப் போடலாமா என்று கேட்டார், செலவு யோசித்து விட்டுவிட்டார். புது வார்டுக்கு வருகிறவர்கள் அந்தக் காலடிகளைத் தாண்டித்தான் போகிறார்கள். மழை பெய்தால் அவற்றில் தண்ணீர் தேங்கும். அக்கா தினமும் காலையில் படியைத் துடைக்கிறாள். அந்த இரண்டு கால்களிடம் வந்ததும் மாப்பை ஓரம் வைத்துவிட்டு, தேங்கிய தண்ணீரை முந்தானையால் ஒற்றி எடுக்கிறாள்.